அடங்கின உப்பு

என் வீட்டில் உப்பு காய்ந்த வாசனை இன்னும் போகவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டேன், ஃபேனும் சுற்றுகிறது. போகாமல் இருந்தாலும் பரவாயில்லை. உப்புக்கு ஏது வாசனை என்று மற்றவர்கள் கேட்பார்கள், நீ கேட்கமாட்டாய். அடிகனமான சட்டியில் கொட்டி, மூடி, அடுப்பைச் சின்னதாக எரியவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் மெல்ல எழுந்து வருமே, வெயிலில் கிடந்த கருவாட்டுச் சாக்கும் லேசாகக் கருகிய வெண்ணெயும் சேர்ந்தாற்போல ஒன்று, அதுதான். காலையில் அது கூடம்வரை வந்ததும் என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன, கேஸ் கசியுதா?" என்றார். "இல்ல, என் கூட்டாளி வந்திருக்கா" என்றேன். அவர் மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சு அவருக்குப் பழக்கம்தானே.

இன்று உன் மகள் தர்ஷினிக்கு இருபத்தொன்று. உன் வருஷத் திதி முடிந்துவிட்டது, இனி நல்ல காரியம் செய்யலாம் என்று பெரியவர்கள் சொன்ன பிறகுதான் ஏற்பாடு நடந்தது. சாயங்காலம் கிள்ளானில் விசேஷத்துக்கு டேவான் மண்டபம் எடுத்திருக்கிறார்கள். இருபத்தொன்று ஆனதற்கு அடையாளமாக, வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய அட்டைச் சாவியை அவள் அப்பா கையில் கொடுப்பார். இந்தச் சாவி கொடுக்கிற கூத்தை எந்த மகராசன் நம் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தானோ என்று நீயும் நானும் எத்தனை விசேஷத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்திருப்போம். அப்படிச் சிரித்தவள்தான், மகள் பிறந்ததும் "இவ டுவென்டி ஒன்னுக்கு நானே கேக் செய்வேன், சட்டியில" என்று சபதம் போட்டாய்.

அந்தச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போன வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள் உன் மகள். "ஆன்டி, அம்மா செஞ்சு தரேன்னாங்க. நீங்க செஞ்சு தருவீங்களா?" என்றாள். என்னிடம்தான் நல்ல ஓவன் இருக்கிறதே, அதில் செய்தால் என்ன என்று கேட்டேன். "ஓவன்ல வேணாம் ஆன்டி. இந்தச் சட்டியிலதான் செய்யணும். பந்திங் அத்தை உக்காந்து பாக்கணும், சாப்பிடணும்" என்றாள். ஏன் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது, நீ போன பிறகு நடந்தது அது. அதைச் சொல்வதற்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்பு நாம் ஒன்றாகக் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்கு உன்னை ஒருமுறை கூட்டிக்கொண்டு போகிறேன்.

நான் ரவாங்கிலிருந்து வந்து ஒரு கிளினிக்கில் கவுன்டரில் உட்கார்ந்தேன். நீ கேரி தீவிலிருந்து வந்து சேலைக் கடையில் நின்றாய். மாடி வீட்டில் நமக்கு ஓர் அறை, ஒரு துண்டு சமையலறை. கரண்ட் பில் வாடகையோடு சேர்ந்தது என்பதால் வீட்டுக்கார அங்கிளுக்கு நாம் அயர்ன் பாக்ஸைத் தொட்டாலே முகம் சுருங்கும். அப்படிப்பட்ட வீட்டில் என் பிறந்தநாளுக்குக் கேக் சுடப்போவதாக நீ சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ஓவன் இல்லாம கேக்கா? இட்லிதான் வரும்" என்றேன்.

"ஓவன்னா என்னடி பெரிசா? சூடான பொட்டி. சட்டிக்கு மூடி போட்டா அதுவும் பொட்டிதான்லா."

பாசாரில் கல்லுப்பு வாங்கி வந்து சட்டியின் அடியில் பரப்பினாய். அடுப்பைப் பற்றவைத்த சற்று நேரத்தில் அது படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. சட்டிக்குள் யாரோ பட்டாசு கொளுத்திவிட்டாற்போல. கீழேயிருந்து அங்கிள் கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஒன்னும் இல்ல அங்கிள், உப்பு குதிக்குது" என்று நீ சொன்ன விளக்கத்தைக் கேட்டு அந்த மனிதர் வாயடைத்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைய கேக்கும் நின்றதா என்றால், இல்லை. மூடியில் கோத்த ஆவி தண்ணீராகச் சொட்டி நட்டநடுவில் குழி விழுந்திருந்தது. குழியில் ஜாம் ஊற்றி, "இதுதான் ஸ்டைல்" என்று ஊட்டிவிட்டாய்.

நீ விடவில்லை. மூடியைத் துண்டால் சுற்றி, நுனிகளை மேலே கொண்டை போல முடிந்தாய், ஆவியைத் துண்டு குடித்துக்கொள்ளட்டும் என்று. கேக் டின்னைச் சூடான உப்பின்மேல் நேராக வைக்காமல் நடுவில் ஒரு கம்பி வளையம் வைத்தாய். மிச்ச மாவை ஒரு சில்வர் டம்ளரில் ஊற்றி ஓரத்தில் செருகினாய். பெரிய கேக்கை வெட்டாமல் ருசி பார்க்க அந்த டம்ளர் கேக், அது எப்போதும் எனக்கு. எல்லாம் முடிந்து, மூடியின் மேல் சம்பால் இடிக்கிற கல்லைத் தூக்கி வைத்தாய். அது சட்டிக்காக வைத்த கல் இல்லை, எனக்காக வைத்தது. எனக்குத்தான் பொறுமை கிடையாதே. ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாம் என்று கை நீளும்போதெல்லாம் அதட்டுவாய்.

"கையை எடுடீ. உள்ள வேலை நடக்குது."

நான் எதையும் கண்டு லேசில் வியக்கிறவள் இல்லை. கிளினிக் கவுன்டரில் உட்கார்ந்தவளுக்கு மனித குலத்தின் எல்லா நாடகமும் அத்துபடி. மெடிக்கல் லீவுக்காக இருமுகிறவனையும் நிஜமாகவே இருமுகிறவனையும் கதவைத் திறக்கும்போதே பிரித்துவிடுவேன். ஆனால் நீ அந்தக் கல்லை இறக்கி, துண்டு சுற்றிய மூடியைத் தூக்கிய நிமிடத்தில் நான் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன். உள்ளே போனது கரண்டியில் ஒழுகிய மாவு. கீழே இருந்தது வெறும் உப்பு, வீட்டில் குழம்புக்குப் போடுகிற அதே உப்பு. யாரும் பார்க்காத அந்த இருட்டில், நாம் இரண்டு பேரும் கடைக் கதையும் கிளினிக் கதையும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அது எழுந்து நின்றிருந்தது. மேலே ஓவன் கேக் போலச் சிவக்காமல் வெளிறி, மெத்தென்று, தூங்கி எழுந்த குழந்தையின் கன்னம் போல இருந்தது. தொடக்கூட எனக்குப் பயமாக இருந்தது. எத்தனை தடவை செய்தாலும் மூடியைத் தூக்கும்போது நீயும் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்வாய், நான் கவனித்திருக்கிறேன்.

ஒரு தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் நினைவிருக்கிறதா? கேக் பாதி வெந்திருக்கும்போது அடுப்பு நீலமாக ஒருமுறை எம்பிவிட்டு அணைந்தது. கேஸ் தோங் காலி, சிலிண்டரில் ஒரு பொட்டுகூட இல்லை. கடைக்குப் போன் போட்டால் எடுக்க ஆள் இல்லை, ஊரே தீபாவளிக்குப் பறந்துகொண்டிருந்தது. நான் எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ பதறவே இல்லை. நம் இரண்டு போர்வைகளையும் எடுத்து வந்து சட்டியைச் சுற்றிப் போர்த்தினாய். "தீ போனா என்னடி, உப்புல சூடு இருக்கு. அது பாத்துக்கும்" என்றாய். பிறகு குளிக்கப் போய்விட்டாய். நான் மட்டும் அந்தப் போர்வை மூட்டையின் முன்னால் சாமியைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் திறந்தபோது கேக் முழுசாக வெந்திருந்தது. தீயே இல்லாமல். அன்றைக்கு அந்த உப்பை நான் முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். பழுப்பேறி, அங்கங்கே கறுத்து, வெல்லத்தூள் மாதிரி ஆகியிருந்தது.

எனக்குக் கல்யாணமாகிக் கிள்ளானுக்குக் கிளம்பியபோது நகையும் சேலையும் எல்லாரும் கொடுத்தார்கள். நீ ஒரு மைலோ டின் கொடுத்தாய். உள்ளே அந்த உப்பில் பாதி. "புது உப்புன்னா குதிக்கும்டி. உன் மாமியார் பயந்துருவாங்க. இது அடங்கின உப்பு" என்றாய். பாவி, அதை நான் ஒருநாளும் அடுப்பில் ஏற்றவில்லை. புது வீட்டில் ஓவன் இருந்தது. பிறகு நீயும் லோரி ஓட்டுகிற ஒரு நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கே வந்து சேர்ந்தாய். என் வீட்டு ஓவனின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "டிவி மாதிரி இருக்குலா. ஆனா கதை முன்னாடியே தெரிஞ்சுபோகுதே" என்றாய். உனக்கு என் வீட்டுக்காரர் ஓவன் வாங்கித் தருகிறேன் என்று சொன்னபோதும், "வேணாம் அண்ணே, என் சட்டி கோவிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டாய்.

அப்புறம் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தாய். டாக்டர் உனக்கு உப்பை நிறுத்தினார். நான் அழுகையை அடக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் நீ என் காதுக்குள், "திங்கத்தானே கூடாதுன்னாரு, சுடக்கூடாதுன்னு சொல்லலையே" என்றாய். அந்த வருஷமும் அடுப்பு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தர்ஷினிக்குக் கேக் சுட்டாய். உன்னால் ஒரு துண்டு சாப்பிட முடியவில்லை. வாசனையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாய்.

இனிதான் உனக்குத் தெரியாத கதை. உன்னைக் கொண்டுபோன பிறகு, கருமாதிக்கு முன்னால் வீடு கழுவினார்கள். பந்திங்கிலிருந்து உன் நாத்தனார் வந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறையில் இறங்கினார். சிங்குக்கு அடியில் உன் உப்பு டின் கிடைத்தது. அதன் மூடி தொளதொளவென்று இருக்கிறதென்று நீ ஒரு சிவப்புத் துணிக் கிழிசலால் கட்டி வைத்திருந்தாயே, வேறு வினையே வேண்டாம். திறந்தால் உள்ளே கறுத்த உப்பு. அந்த அம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டதாம். யாரோ செய்வினை வைத்து உன்னை முடித்துவிட்டார்கள் என்று முடிவாயிற்று. தெரிந்த சாமியாடி ஒருவரைக் கூட்டி வந்து, கற்பூரம் கொளுத்தி, டின்னோடு கொண்டுபோய்க் கிள்ளான் ஆற்றில் போட்டுவிட்டார்கள். இந்தச் சமையலறைக்கு அடிக்கடி வந்துபோனவள் யார் என்றும் விசாரித்தாராம். நான்தான், வேறு யார்? கருமாதியன்று எனக்குக் காப்பி கொடுக்க அந்த அம்மாளுக்கு மனம் வரவில்லை. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க உன் பக்கத்து நாற்காலி இல்லை.

தர்ஷினிக்கு அது சிரிப்பாக இல்லை. "கேக் சுடுற உப்பு அத்தைன்னு தலையால அடிச்சுக்கிட்டேன் ஆன்டி. உப்புல எவடி கேக் சுடுவா, உன் அம்மாவ மாதிரியே நீயும் வெகுளின்னாங்க" என்றாள். "சொந்தக்காரங்க எல்லாம் அதையே பேசுறாங்க. அம்மா சட்டிய யாரும் தொடமாட்றாங்க. விசேஷத்துக்கு அதுல பாயசம் வைக்கலாம்னா, அத்தை தூர எடுத்துப் போடுங்கறாங்க. அம்மா எத்தனை பேருக்கு அதுல செஞ்சு போட்டாங்க?" போன வாரம் இதையெல்லாம் சொல்லும்போது அவள் சட்டியை மடியை விட்டு இறக்கவே இல்லை. உன் சட்டி பயப்பட வேண்டிய பொருளாகிவிட்டதை அவளால் தாங்க முடியவில்லை. என்னாலும்தான்.

இன்று காலை அத்தையை அழைத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் சமையலறை வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை. நான் அலமாரியின் பின்னாலிருந்து நீ கொடுத்த மைலோ டின்னை எடுத்துச் சட்டியில் கவிழ்த்தேன். நாற்காலி கிரீச்சிட்டது. அவர் எழுந்து நின்றிருந்தார்.

"இது... அதே உப்புதானே? உன் வீட்டுலயும் வெச்சிருக்காங்களா?"

"வெக்கலக்கா. அவ குடுத்தா. கல்யாணத்துக்கு."

சுருக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் ஒரு வருஷமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆனால் அவர் கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டதைப் பார்த்துவிட்டேன். நிஜமான பயம் அது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்குத் தலை வாரிவிட்டது அந்தக் கைதான். தம்பி பெண்டாட்டி இப்படி நடு வயதில் போனதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, சிறுநீரகம் என்ற சொல் போதவில்லை. "உக்காருங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

உப்பு குதிக்கவில்லை. இத்தனை வருஷம் மூலையில் கிடந்தும் சத்தமில்லாமல் காய்ந்தது. புரட்டாசி மாதம், முட்டை கூடாது. தயிரையும் கட்டிப்பாலையும் சோடா மாவையும் நம்பி நீ செய்வாயே, அதைப் பார்த்திருக்கிறேனே தவிர, செய்ததில்லை. எழும்பாமல் களியாகக் கிடந்தால், அத்தை நினைத்தது சரி என்று ஆகிவிடும். உன் மகளின் முகத்தில் எப்படி விழிப்பேன்? மாவு ஊற்றிய கேக் டின்னை வளையத்தின் மேல் இறக்கி, டம்ளரை ஓரத்தில் செருகி, மூடிக்குத் துண்டைச் சுற்றினேன். கொண்டையை தர்ஷினிதான் முடிந்தாள். கல்லையும் அவள்தான் தூக்கி வைத்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் அத்தை.

"தெரியலக்கா. வாசனைதான் சொல்லும்."

முதலில் பால் வாசனை வந்தது, பிறகு வெண்ணெய். மூன்றாவதாக ஒன்று வரவேண்டும், பிஸ்கட் டின்னைத் திறந்தாற்போல, அது வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரு சட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எப்போது எழுந்தார் என்று நான் பார்க்கவில்லை, அத்தை வாசலைத் தாண்டி உள்ளே வந்து அடுப்புப் பக்கம் நின்றிருந்தார். மூக்கு லேசாக விடைத்திருந்தது. "ஒரே ஒரு தடவ தொறந்து பாத்துருவோமே" என்று கல்லை நோக்கிக் கையை நீட்டினார்.

"கையை எடுங்க! உள்ள வேலை நடக்குது!"

நானும் தர்ஷினியும் ஒரே மூச்சில் கத்தியிருந்தோம். அதட்டல் உன்னுடையது, அந்த 'எடுங்க'வில் விழுகிற அழுத்தம்கூட. அத்தை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"இத அவ ஆஸ்பத்திரியில சொல்வா. டயாலிசிஸ் மெஷின் ஓடும்போது போர்வைய சரி பண்ணப் போனா, கைய எடுங்கக்கா, உள்ள வேலை நடக்குதுன்னு சிரிப்பா. எனக்கு என்னான்னே புரியாது." சட்டியைக் காட்டினார். "இதானா அது?"

"இதான் அத்தை" என்றாள் உன் மகள்.

மூன்றாவது வாசனை அப்போதுதான் வந்தது. நான் அடுப்பை அணைத்தேன். உடனே திறக்கவில்லை. உப்பில் சூடு இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று அவர்களை உட்கார வைத்தேன். பிறகு கல்லை இறக்கி, மூடியை தர்ஷினியைத் தூக்கச் சொன்னேன். உன்னைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்கினாள். ஆவி விலகியது. டின் விளிம்புக்கு மேலே எழும்பி, வெளிறி, மெத்தென்று நின்றிருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸில் நின்றதுபோலவே நான் வாயைத் திறந்தபடி நின்றேன். பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார், சன்னதி திறந்தால் போட்டுக்கொள்கிற மாதிரி.

டம்ளர் கேக்கை ஒரு தட்டில் கவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். அது எனக்குச் சேர வேண்டியது, நீ கோபித்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும். சுடச்சுடப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் மென்றார்.

"இதையா நான் ஆத்துல போட்டேன்?" என்றார்.

அவர் மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். ஒரு வருஷமாகச் சொந்தக்காரர் யாரும் தொடாத உன் சட்டியின், கைபொறுக்கும் அளவுக்கு ஆறியிருந்த விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு முந்தானையை விரித்து என் முன்னால் நீட்டி, "எனக்கும் ரெண்டு கை போடும்மா. பந்திங்குல என்கிட்டயும் சட்டி இருக்கு" என்றார்.

உப்பும் கைபொறுக்கிற சூட்டுக்கு வரும்வரை பொறுத்துப் போட்டேன். இறுக்கி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். தர்ஷினிக்கு ஒரு பங்கு எடுத்து வைத்தேன். உன் அத்தனை பேச்சிலும் சிரிப்பிலும் எனக்கென்று மிஞ்சியதைத் திரும்ப அந்த மைலோ டின்னில் கொட்டி மூடினேன். இதை எழுதும்போது அது என் மடியில்தான் இருக்கிறது. அடுப்பை அணைத்து எவ்வளவோ நேரமாகிவிட்டது, இன்னும் சூடு போகவில்லை.